தட்டம்மை: ஒன்பதாம் மாத ஊசி போட்ட குழந்தைக்கும் வருமா?

காரிமங்கலம் தந்தை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இராயக்கோட்டைக்கு அருகில் உள்ள என் மைத்துனர் வீட்டில் நான்கு வயதுப் பையனுக்குக் கடுமையான காய்ச்சலும் இருமலும் வந்து, நான்காம் நாள் காதுக்குப் பின்னால் சிவந்த தடிப்புகள் தோன்றின. அவை மறுநாளே முகம் முழுவதும் பரவி, இப்போது மார்பு வரை இறங்கியிருக்கின்றன. கண்கள் இரண்டும் சிவந்திருக்கின்றன. வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அம்மை போட்டிருக்கிறது என்று வாசலில் வேப்பிலை செருகியாகிவிட்டது. மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாம் என்றேன். "அம்மா வந்திருக்கும்போது ஊசி, மாத்திரை என்று போகக் கூடாது, மூன்று தண்ணீர் ஊற்றினால் தானாக இறங்கிவிடும்" என்று மைத்துனரின் தாயார் மறுத்துவிட்டார். அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

எனக்கு வேறு கவலையும் இருக்கிறது. தடிப்பு தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பு மாரியம்மன் பண்டிகைக்காகக் குடும்பத்தோடு அங்கே போயிருந்தோம். பதினான்கு மாதமான என் மகள் அன்று முழுவதும் அவனோடுதான் விளையாடினாள். அவளுக்கு ஒன்பதாம் மாத ஊசி போட்டிருக்கிறோம். மூன்று மாதக் கர்ப்பிணியான என் தங்கையும் உடன் வந்திருந்தாள். ஊசி போட்ட குழந்தைக்கும் இது வருமா, தங்கைக்கு ஆபத்து உண்டா, பையனை மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டுமா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தகடூர் குழந்தை மருத்துவர் எழுதியது:

நேரில் பார்க்காமல் நோயை உறுதி செய்ய முடியாது என்றாலும், நீங்கள் சொல்லும் வரிசை தட்டம்மைக்கு உரியது. சின்னம்மையில் நீர் கோத்த கொப்புளங்கள் வரும். தட்டம்மையில் கொப்புளம் இராது. சிவந்த தடிப்புகள் காதின் பின்புறத்திலும் நெற்றி முடியோரத்திலும் தொடங்கி, முகம், மார்பு, வயிறு, கை, கால் என்று கீழ்நோக்கி இறங்கும். அதற்கு முந்தைய மூன்று நான்கு நாள்கள் வெறும் சளிக்காய்ச்சலாகவே தெரிவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அந்த நாள்களில் குழந்தையின் வாயைத் திறந்து, கடைவாய்ப் பற்களுக்கு எதிரே கன்னத்தின் உட்புறத்தை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், சிவந்த பரப்பின் மேல் நீலம் கலந்த வெண்மையில் மிகச் சிறிய புள்ளிகள் தெரியக்கூடும். ஹென்றி காப்லிக் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1896இல் இவற்றை விவரித்து எழுதினார். வேறு காய்ச்சல்களில் இந்தப் புள்ளிகள் வருவதில்லை. ஆனால் தடிப்பு எழுந்த ஓரிரு நாள்களில் இந்தப் புள்ளிகள் மறைந்துவிடும் என்பதால், தாமதமாக வரும் குழந்தைகளிடம் எங்களுக்கே அவை பெரும்பாலும் அகப்படுவதில்லை.

இந்த வைரஸ் காற்று வழியாகப் பரவுகிறது. நோயுற்ற குழந்தை ஓர் அறையில் இருந்துவிட்டு எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்த அறையின் காற்றில் அது உயிர்ப்போடு இருக்கும். எதிர்ப்பாற்றல் இல்லாத 10 பேர் நெருங்கிப் பழகினால் அவர்களில் 9 பேருக்குத் தொற்றிவிடும். தடிப்பு தோன்றுவதற்கு 4 நாள் முன்பிருந்து, தோன்றிய பின் 4 நாள் வரை பரவும் காலம். ஆகவே உங்கள் மகளும் தங்கையும் பரவும் காலத்தில்தான் அந்த வீட்டில் இருந்திருக்கிறார்கள்.

மகளைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஒன்பது மாதக் குழந்தையின் உடலில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் கொஞ்சம் மிச்சமிருப்பதால், அந்த வயதில் போடும் தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணை ஏறத்தாழ 85 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கே பாதுகாப்புத் தருகிறது. இரண்டு தவணையும் முடித்தவர்களுக்கு அது 97 விழுக்காடு வரை உயர்கிறது. உங்கள் மகளுக்கு வராமல் இருப்பதற்கான வாய்ப்புதான் அதிகம். வந்தாலும் கடுமை குறைந்திருக்கும். தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்க முடியும் என்பார்கள். உங்கள் கணக்குப்படி அந்த நேரம் கடந்துவிட்டது. பண்டிகை நாளிலிருந்து மூன்று வாரம் வரை அவளுக்குக் காய்ச்சல் வருகிறதா என்று கவனியுங்கள். அதுவரை அங்கன்வாடிக்கோ, கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கோ கொண்டு போக வேண்டாம்.

தங்கையை இன்றே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கர்ப்பிணிக்குத் தட்டம்மை வந்தால் நிமோனியாவும், கருச்சிதைவும், குறைப்பிரசவமும் நேரக்கூடும். கர்ப்பக் காலத்தில் இந்தத் தடுப்பூசியைப் போடக் கூடாது என்பதால், அவருக்கு எதிர்ப்பாற்றல் இல்லை என்று தெரிந்தால், தொடர்பு ஏற்பட்ட 6 நாள்களுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பொருளைக் கொடுப்பது வழக்கம். சிறு வயதில் அவருக்குத் தட்டம்மை வந்ததா, ஊசி போட்டார்களா என்று உங்கள் தாயாரிடம் கேட்டு வைத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பையனைக் காட்டியே தீர வேண்டும். தட்டம்மையில் குழந்தைகள் இறப்பது பெரும்பாலும் அதைத் தொடர்ந்து வரும் நிமோனியாவாலும் வயிற்றுப்போக்காலும்தான். ஏறத்தாழ 20 குழந்தைகளில் ஒருவருக்கு நிமோனியாவும், 1,000 பேரில் ஒருவருக்கு மூளைக்காய்ச்சலும் வருகின்றன. இன்று இரவு அவன் தூங்கும்போது சட்டையை விலக்கிவிட்டு, நெஞ்சு ஏறி இறங்குவதைக் கடிகாரம் வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைக்கு அது நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ விடியும் வரை காத்திருக்கக் கூடாது. எதையும் குடிக்க மறுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம் ஆகியவையும் அப்படித்தான்.

அரூர்க்காரர் எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இத்தகைய விவாதங்களில் ஊர் வழக்கத்தை ஒரே அடியாக மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது வாடிக்கையாகிவிட்டது. அதனால் சிலவற்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் வேப்பிலை செருகினால் அண்டை வீட்டுக் குழந்தைகள் அந்த வாசலை மிதிக்க மாட்டார்கள். வெளியூர் போய் வந்தவரை உள்ளே விட மாட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது, தாளிப்பு கிடையாது. கேழ்வரகுக் கூழும் மோரும் இளநீரும்தான் குழந்தைக்கு. உடம்புக்குத் தண்ணீர் ஊற்றும் வரை ஒருவர் மாறி ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். நோயாளியைத் தனிமைப்படுத்து, ஓய்வு கொடு, நீர்ச்சத்துக் குறையாமல் பார்த்துக்கொள் என்று இன்று மருத்துவமனையில் சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? எந்தச் சுகாதாரத் துறையும் இல்லாத காலத்தில் ஊர் தானாகச் செய்துகொண்ட ஏற்பாடு இது. மைத்துனரின் தாயாரை மடமையானவராக நினைத்துப் பேசப் போனால் அவர் கதவைத்தான் சாத்துவார்.

ஓய்வுபெற்ற கிராம செவிலியர் எழுதியது:

அரூர்க்காரர் சொல்வதில் பாதிக்கு மேல் நான் உடன்படுகிறேன். பணியில் இருந்த காலத்தில் வாசலில் இருந்த வேப்பிலையை எடுக்கச் சொல்லி நான் யாரிடமும் கேட்டதில்லை. செருப்பை வெளியில் விட்டுவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே போவேன். அப்படிப் போனால் பாட்டிமார்கள் குழந்தையின் பக்கத்தில் உட்கார விடுவார்கள்.

ஆனால் அந்த ஏற்பாட்டில் நாள் கணக்கு இடிக்கிறது. தடிப்பு தெரிந்த பிறகுதானே வேப்பிலை செருகுகிறோம்? மருத்துவர் சொன்ன நான்கு நாள் அதற்குள் முடிந்துவிடுகிறது. சளியும் இருமலுமாக அந்தக் குழந்தை அங்கன்வாடியில் உட்கார்ந்திருக்கும், பேருந்தில் போயிருக்கும், பண்டிகையில் எல்லோர் மடியிலும் ஏறி இறங்கியிருக்கும். சின்னஞ்சிறு ஊரில் ஒரு வீட்டில் தொடங்கினால், இரண்டு வாரம் கழித்து அடுத்தடுத்த வீடுகளில் ஒரே சமயத்தில் வேப்பிலை தொங்குவதற்கு இதுதான் காரணம். அதைப் பார்த்துவிட்டு அம்மா ஊரைச் சுற்றி வருகிறாள் என்பார்கள். தனிமைப்படுத்துவதால் மேற்கொண்டு பரவுவது குறையும், அதில் ஐயமில்லை. ஆனால் தொற்றின் பெரும்பகுதி நடந்து முடிந்த பிறகு தொடங்கும் காவல் அது. முன்கூட்டியே காக்கக்கூடியது ஊசி ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்மை என்றால் எங்களுக்குச் சொல்லிவிடக் கூடாது என்று வீட்டுக்காரர்கள் மறைப்பது உண்டு. காய்ச்சலோடு தடிப்பு என்று தகவல் வந்தால் சுகாதார நிலையத்திலிருந்து ஆள் வந்து சிறிது இரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். சென்னை கிண்டியில் உள்ள கிங் ஆய்வு நிலையத்தில் தட்டம்மைக்கும், அதைப் போலவே காய்ச்சலும் தடிப்பும் தரும் ரூபெல்லாவுக்கும் இந்தப் பரிசோதனை நடக்கிறது. முடிவு உறுதியானால் அந்தப் பகுதியில் ஊசி விடுபட்ட குழந்தைகளைத் தேடிப் பிடித்துப் போடுவார்கள். மறைக்கும் வீடு தன் பிள்ளையைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைக்கிறது. பக்கத்துத் தெருவில் எட்டு மாதக் குழந்தை ஒன்று ஊசிக்குக் காத்திருப்பது அதற்குத் தெரிவதில்லை.

பர்கூர் மாந்தோப்பு எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் எதிர்க் கேள்வி ஒன்றைக் கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். என் தலைமுறையில் அம்மை போடாதவர்களே இல்லை. வந்தது, பத்து நாளில் போனது, வாழ்நாள் முழுவதும் மறுபடி வரவில்லை. ஊசி போட்டவனுக்கோ இரண்டாம் தவணை வேண்டும், அதன் பிறகும் 100 விழுக்காடு உறுதி இல்லை என்கிறீர்கள். இயற்கையாகக் கிடைக்கும் எதிர்ப்பாற்றல் மேலானது இல்லையா? 2017இல் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது அதற்கு எதிராக வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளைப் பார்த்துப் பல பெற்றோர் பிள்ளைகளை அன்று வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். ஆட்டிசம் வரும் என்றும் சொல்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் பதில் உண்டா?

பென்னாகரம் ஆசிரியை எழுதியது:

மாந்தோப்பு ஐயாவின் முதல் கேள்வியில் ஓர் உண்மை இருக்கிறது. அதைச் சான்றோடு நிறுவியவரும் இருக்கிறார். வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் 1846இல் தட்டம்மை பரவியபோது, டென்மார்க் அரசு பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவரை அங்கே அனுப்பியது. தீவுகளில் இருந்த ஏறத்தாழ 7,800 பேரில் சுமார் 6,000 பேர் நோயில் விழுந்தார்கள். அதற்கு முன்பு அங்கே தட்டம்மை வந்தது 1781இல், 65 ஆண்டுகளுக்கு முன்பு. அந்தப் பழைய நோயில் தப்பிய முதியவர்கள் 98 பேரைப் பானும் கண்டறிந்தார். அவர்களில் ஒருவருக்குக் கூட 1846இல் நோய் திரும்ப வரவில்லை. ஒரு முறை வந்தால் வாழ்நாள் காப்பு என்பது அப்போதிலிருந்தே ஏற்கப்பட்ட செய்தி. தொற்றியதிலிருந்து தடிப்பு தோன்ற 13, 14 நாள் ஆகும் என்பதையும் அவர்தான் ஊர் ஊராகப் போய்க் கணக்கிட்டுச் சொன்னார். நம் செவிலியர் அம்மா சொன்ன இரண்டு வார இடைவெளி அதுதான்.

ஆனால் அந்தக் காப்புக்குக் கொடுக்க வேண்டிய விலை என்ன என்பதைத் தப்பியவர்களிடம் கேட்டுப் பயனில்லை. "எங்களுக்கெல்லாம் வந்தது, ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்ல வாய்ப்பு இருப்பவர்கள் பிழைத்தவர்கள் மட்டுமே. 1875இல் ஃபிஜித் தீவுகளுக்கு முதன்முதலாகத் தட்டம்மை போனபோது ஏறத்தாழ 40,000 பேர் மாண்டார்கள். 2019இல் பசிபிக் தீவு நாடான சமோவாவில் 83 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அதற்கு முந்தைய ஆண்டு அங்கே இரண்டு குழந்தைகளுக்குத் தடுப்பூசித் தூளைத் தவறான மருந்தில் கலந்து போட்டதால் அவர்கள் இறந்தார்கள்; மக்கள் அஞ்சி ஊசியைத் தவிர்த்தார்கள்; அரசும் சில மாதம் நிறுத்தி வைத்தது. அந்த இடைவெளியில்தான் வைரஸ் நுழைந்தது. நம் நாட்டிலும் 2022 இறுதியில் மும்பையின் கோவண்டிப் பகுதியில் இப்படிப் பரவிக் குழந்தைகள் உயிரிழந்தார்கள்.

ஆட்டிசம் பற்றிய செய்தியின் மூலம் 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவர் லான்செட் மருத்துவ இதழில் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை. அதை அந்த இதழே 2010இல் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் பிரிட்டனில் அவருடைய மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வு, தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை என்று காட்டியது. 2017இல் அந்த வாட்ஸ்அப் செய்திகளைப் பெற்றோர் என்னிடமும் காட்டினார்கள். அவற்றில் எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்தக் குழந்தை என்ற விவரம் ஒன்றிலாவது இருந்ததாக எனக்கு நினைவில்லை. எவர் தொடங்கினார் என்று தெரியாத ஒரு குரல் பதிவுக்கு இருந்த மதிப்பு, ஊரில் இருபது ஆண்டு ஊசி போட்ட செவிலியருக்கு இல்லாமல் போனதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

தகடூர் குழந்தை மருத்துவர் எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்னதோடு இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். தட்டம்மை வைரஸ் நம் உடலின் நோயெதிர்ப்பு நினைவைச் சுமக்கும் அணுக்களையே தாக்குகிறது. அதற்கு முன்பு வந்துபோன பிற நோய்களுக்கு எதிராகக் குழந்தை சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை அழிந்துபோவதாக 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. பாதி எழுதிய நோட்டிலிருந்து பக்கங்களைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்வது போன்றது இது. அம்மை இறங்கிய பிறகும் குழந்தை மாதக்கணக்கில் சளி, வயிற்றுப்போக்கு என்று மெலிந்துகொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணம். தடுப்பூசியில் உள்ள வலுவிழந்த வைரஸ் இப்படிச் செய்வதில்லை. ஆகவே "இயற்கையான எதிர்ப்பாற்றல்" ஒரு நோய்க்குக் காப்பைத் தந்துவிட்டுப் பல நோய்களுக்கான காப்பைக் கொண்டுபோகிறது.

மற்றொன்று அரிது, ஆனால் கொடியது. தட்டம்மை முழுவதும் குணமாகிவிட்டதாக எல்லோரும் நினைத்திருக்க, ஏழு முதல் பத்து ஆண்டுகள் கழித்து, பள்ளியில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையின் எழுத்து குலையும், நினைவு தடுமாறும், கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுக்கும். மூளைக்குள் தங்கிவிட்ட வைரஸின் வேலை அது. குணப்படுத்தும் மருந்து இல்லை. இரண்டு வயதுக்குள் தட்டம்மை வந்த குழந்தைகளுக்கே இந்த ஆபத்து கூடுதல். அந்தப் பெற்றோரிடம் எப்போதோ வந்த அம்மையைப் பற்றிக் கேட்டால், அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

பர்கூர் மாந்தோப்பு எழுதியது:

இறந்தவர்கள் வந்து சாட்சி சொல்ல மாட்டார்கள் என்ற கருத்தை நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஆட்டிசம் பற்றிய விவரங்களுக்கும் நன்றி. ஆனால் ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வருவது உண்மைதானே? அதை ஏன் முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை?

ஓய்வுபெற்ற கிராம செவிலியர் எழுதியது:

உண்மை, சொல்லத்தான் வேண்டும். சில குழந்தைகளுக்கு ஊசி போட்ட ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வந்து இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டா ஊசிக்குப் போல அன்று இரவே வராமல் ஒரு வாரம் கழித்து வருவதால், ஊசிக்கும் அதற்கும் தொடர்பு இருப்பது பெற்றோருக்குத் தெரிவதில்லை. அம்மை போட்டுவிட்டது என்று அஞ்சி அடுத்த தவணையை விட்டுவிடுவார்கள். சொல்லி அனுப்பினால் இந்தக் குழப்பம் வராது. கூட்டம் மிகுந்த புதன்கிழமைகளில் அதைச் சொல்ல நேரம் கிடைக்காமல் போவது எங்கள் தரப்புக் குறைதான்.

அஞ்செட்டி மேஸ்திரி எழுதியது:

நான் பெங்களூருவில் கட்டட வேலை பார்க்கிறேன். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து கட்டடத்துக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவர்கள் நிறையப் பேர். கொட்டகைக்குள் ஒரு குழந்தை இருமினால் வரிசை முழுவதும் கேட்கும், அவ்வளவு நெருக்கம். ஒன்பதாம் மாத ஊசி வரை தாய்வீட்டில் இருந்து போட்டுவிட்டு வருகிறார்கள். அதன் பிறகு குழந்தையின் ஊசி அட்டை ஊரில் டிரங்குப் பெட்டியில் கிடக்கும், குழந்தை இங்கே மணல் குவியலில் விளையாடும். இங்கே போய்க் கேட்டால் தமிழ்நாட்டு அட்டைக்குப் போட மாட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையா?

ஓய்வுபெற்ற கிராம செவிலியர் எழுதியது:

உண்மை இல்லை, தம்பி. தேசியத் தடுப்பூசி அட்டவணை நாடு முழுவதும் ஒன்றுதான்: முதல் தவணை 9 மாதம் முடிந்ததும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். கர்நாடகத்தில் எந்த அரசு சுகாதார நிலையத்திலும் கட்டணம் இல்லாமல் போடுவார்கள். அட்டையின் இரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தால் போதும்.

நீங்கள் சொன்ன இடம்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களின் பலவீனமான இடம். ஒன்பதாம் மாத ஊசியை யாரும் பெரும்பாலும் விடுவதில்லை. குழந்தை தாய்வீட்டிலோ ஊரிலோ இருக்கும் காலம் அது, மகப்பேறு உதவித் தொகையின் ஒரு தவணையும் அந்த மாதத்தை ஒட்டி வருகிறது. ஒன்றரை வயது ஊசிக்கு அப்படிப்பட்ட பிடிப்பு எதுவும் இல்லை. அதற்குள் தாய் வேலைக்குத் திரும்பியிருப்பார்; பெங்களூருக்கோ செங்கல் சூளைக்கோ குடும்பம் நகர்ந்திருக்கும். குழந்தை நன்றாக ஓடி ஆடுவதால் அவசரமும் தெரியாது. மலைக் கிராமங்களில் இன்னொரு சிக்கல். இந்த மருந்து தூளாக வரும். அதற்கென்றே தரப்படும் நீர்மத்தில் கலந்த 4 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். ஒரே ஒரு குழந்தை வந்திருந்தாலும் குப்பியைத் திறந்து போடு என்பதுதான் விதி; ஆனால் வீணாகிறதே என்று தயங்கி, "அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ இருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இறங்கி வந்த தாயிடம் அப்படிச் சொன்னால் அவர் அடுத்த வாரம் வருவாரா? அப்படி யாரேனும் திருப்பி அனுப்பினால், இன்றே போட வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தயங்காமல் கேளுங்கள்.

காரிமங்கலம் தந்தை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தங்கையை மருத்துவமனையில் காட்டினோம். இரத்தம் எடுத்திருக்கிறார்கள், கண்காணிப்பில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். பையனின் மூச்சை எண்ணியபோது 46 வந்தது. அந்த எண்ணைச் சொன்ன பிறகுதான் மைத்துனரின் தாயாரே கிளம்பச் சொன்னார். வேப்பிலையைக் கையில் எடுத்துக்கொண்டு அவரும் உடன் வந்தார். மருத்துவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நிமோனியா தொடங்கியிருப்பதாகச் சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். வைட்டமின் ஏ சொட்டு மருந்து இன்று ஒரு முறை கொடுத்தார்கள், நாளையும் உண்டாம். தட்டம்மைக்கு எதற்கு வைட்டமின் என்று பாட்டி கேட்கிறார். கண் எரிச்சலுக்குத் தாய்ப்பால் விடலாமா என்றும் கேட்கிறார்.

தகடூர் குழந்தை மருத்துவர் எழுதியது:

கண்ணில் தாய்ப்பாலோ இலைச்சாறோ எதுவும் விட வேண்டாம். காய்ச்சி ஆற வைத்த நீரில் நனைத்த சுத்தமான துணியால் பீளையைத் துடைத்தால் போதும். தட்டம்மை உடலில் உள்ள வைட்டமின் ஏ இருப்பைக் கரைத்துவிடுகிறது. ஏற்கெனவே குறைவாக இருந்த குழந்தைக்குக் கருவிழி வறண்டு, புண்ணாகி, பார்வையே போய்விடலாம். அம்மையில் கண் போனவர்கள் என்று நம் ஊர்களில் முன்பு பலர் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு 2,00,000 அலகு வீதம் அடுத்தடுத்த இரண்டு நாள் கொடுப்பார்கள். 6 முதல் 11 மாதக் குழந்தைக்கு அதில் பாதி. கண்ணில் பாதிப்பு தெரிந்தால் நான்கு முதல் ஆறு வாரம் கழித்து மூன்றாம் முறையும் தர வேண்டும். வைரஸை அழிக்கும் மருந்து நம்மிடம் இல்லாத இந்த நோயில், இறப்பைக் குறைப்பதாக உறுதிப்பட்ட எளிய மருந்து இது. ஆனால் பயன் தருகிறதே என்று வீட்டில் தாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. அளவு மிஞ்சினால் நஞ்சாகும்.

பத்தியம் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். கூழ், மோர், இளநீர் எல்லாம் நல்லவையே. அவற்றோடு நிறுத்திவிடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. காய்ச்சல் தணிந்ததும் முட்டை, பருப்பு, முருங்கைக்கீரை, பப்பாளி என்று வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாக, இரண்டு மூன்று வாரமாவது கொடுக்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

அஞ்செட்டி மேஸ்திரி எழுதியது:

கடைசியாக ஒன்று. எங்கள் கொட்டகையில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று இருக்கிறது. அட்டை தொலைந்துவிட்டது, இரண்டாம் தவணை போட்டார்களா என்று தாய்க்கும் நினைவில்லை. இனிமேல் போட முடியுமா? ஏற்கெனவே போட்டிருந்தால் மறுபடி போடுவது கெடுதலா?

ஓய்வுபெற்ற கிராம செவிலியர் எழுதியது:

ஐந்து வயது முடியும் வரை விடுபட்டதைப் போடலாம். போட்டதா இல்லையா என்று தெரியாவிட்டால் போடாததாகவே கொள்ள வேண்டும். ஒரு தவணை கூடிப்போவதால் கெடுதல் இல்லை. முதல் தவணையும் ஐயமாக இருந்தால் இன்று ஒன்றும் நான்கு வாரம் கழித்து ஒன்றும் போடுவார்கள். கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண் தாயின் பழைய கைபேசியிலோ மருத்துவமனைச் சீட்டிலோ இருக்கும். அதை ஊரில் உள்ள செவிலியரிடம் சொன்னால் பதிவைப் பார்த்துச் சொல்வார். ஆனால் அந்தப் பதிவு கிடைக்கும் வரை ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். நீங்கள் இருக்கும் இடத்தில் தடுப்பூசி நாள் எது என்று அங்குள்ள ஆஷா என்ற சுகாதாரப் பணியாளரிடம் கேட்டுக்கொண்டு காலையிலேயே போங்கள். மதியத்துக்கு மேல் போனால் கலந்த மருந்தைக் கொட்டியிருப்பார்கள்.